13 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாத ‘பக்’... இலவச மென்பொருளுக்குக் காவல் யார்?

2025 அக்டோபர் முதல் வாரம். சர்வர்களைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. ‘ரெடிஸ்’ என்ற மென்பொருளில் ஓட்டை இருக்கிறது, தள்ளிப்போடாமல் அப்டேட் செய்யுங்கள் என்றது அந்த எச்சரிக்கை. பாதுகாப்பு ஓட்டைகளின் தீவிரத்தை 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு அளப்பது வழக்கம். இந்த ஓட்டைக்குக் கிடைத்தது முழுசா 10.

மதிப்பெண்ணைவிட அதிர்ச்சியான விஷயம் ஒன்று இருந்தது. இது நேற்று முளைத்த ஓட்டை இல்லை. சுமார் 13 ஆண்டுகளாக அதே இடத்தில் இருந்திருக்கிறது. ரெடிஸின் நிரல் பூட்டி வைத்த ரகசியமும் இல்லை. யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து வரிவரியாகப் படிக்கலாம். உலகின் பெரிய நிறுவனங்கள் பலவும் அதை நம்பி ஓடுகின்றன. அப்படியிருந்தும் எப்படி இத்தனை ஆண்டுகள் தப்பியது?

‘ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை எல்லோரும் பார்க்கலாம், அதனால் பிழை தங்காது’ என்று ஐ.டி. உலகில் பலரும் நம்புகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. பார்க்கலாம் என்பது வேறு, பார்க்கிறார்கள் என்பது வேறு. பார்ப்பது ஒரு வேலை. நேரமும் பொறுமையும் காசும் கேட்கும் வேலை. அதை யாராவது உட்கார்ந்து செய்தாக வேண்டும். ரெடிஸின் 16 ஆண்டுக் கதை இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

ரெடிஸ் என்றால் என்ன?

பெயர் தெரியாவிட்டாலும் ரெடிஸ் வகை மென்பொருளின் வேலையை நாம் தினமும் பார்க்கிறோம். ஒருமுறை லாகின் செய்தால் அடுத்த பக்கத்திலும் ஆப்புக்கு உங்களை அடையாளம் தெரிகிறதே, கார்ட்டில் போட்ட பொருள் அப்படியே நிற்கிறதே, ஆன்லைன் கேமில் முதலிடம் நொடிக்கு நொடி மாறுகிறதே... இந்த மாதிரி வேலைகளுக்குத்தான் இதை வைத்திருக்கிறார்கள்.

வழக்கமான டேட்டாபேஸ், தகவலை டிஸ்கில் எழுதிவைக்கும். ரெடிஸ் அதை ரேமில், அதாவது கணினியின் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். சமையலறையை நினைத்துப் பாருங்கள். மாதச் சாமான் எல்லாம் ஸ்டோர் ரூமில் இருக்கும். ஆனால், தாளிக்கும்போது கடுகு எடுக்க யாரும் ஸ்டோர் ரூமுக்கு ஓடுவதில்லை. அடுப்புப் பக்கத்திலேயே அஞ்சறைப் பெட்டி இருக்கும். டிஸ்க் ஸ்டோர் ரூம் என்றால், ரேம் அஞ்சறைப் பெட்டி. கையை நீட்டினால் கிடைக்கும்.

இதை உருவாக்கியவர் இத்தாலியின் சிசிலித் தீவைச் சேர்ந்த சால்வத்தோரே சான்ஃபிலிப்போ. இணையத்தில் ‘ஆன்டிரெஸ்’ என்றால்தான் பலருக்குத் தெரியும். இணையதளங்களுக்கு யார் யார் வருகிறார்கள் என்று உடனுக்குடன் காட்டும் ஒரு சேவையை அவர் நடத்திக்கொண்டிருந்தார். வழக்கமான டேட்டாபேஸால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. சொந்தப் பிரச்சினைக்குத் தீர்வாக 2009-ல் அவர் எழுதிய மென்பொருள்தான் ரெடிஸ். ‘ரிமோட் டிக்‌ஷனரி சர்வர்’ என்பதன் சுருக்கம் அது. இலவசமாக வெளியிட்டார். உலகம் எடுத்துக்கொண்டது.

வேகத்துக்கு என்ன விலை?

ரேமில் ஒரு சிக்கல் உண்டு. கரன்ட் போனால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும். சர்வர் ரீஸ்டார்ட் ஆனாலும் அதே கதிதான். அதனால் ரெடிஸ் இரண்டு வழிகளில் டிஸ்கிலும் ஒரு பிரதி வைக்கிறது.

முதல் வழி, குறிப்பிட்ட இடைவெளியில் மொத்தத் தகவலையும் ஒரு போட்டோ மாதிரி எடுத்து டிஸ்கில் போடுவது. கடைசி போட்டோவுக்குப் பிறகு வந்தது, சர்வர் விழுந்தால் கிடைக்காது. இரண்டாவது வழி, வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் கணக்கு நோட்டில் எழுதுவது மாதிரி ஃபைலின் கடைசியில் சேர்த்துக்கொண்டே போவது. இந்த நோட்டையும் பொதுவாக நொடிக்கு ஒருமுறைதான் டிஸ்கில் உறுதி செய்வார்கள். அப்போ ஏறத்தாழ ஒரு நொடித் தகவல் போகலாம்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒரு சர்வர் விழுந்தால் அதன் இடத்தில் வேலை செய்ய இன்னொரு சர்வரில் நகல் வைத்திருப்பார்கள். ஆனால், முதன்மை சர்வர் அந்த நகலுக்காகக் காத்திருக்காது. ‘எழுதியாச்சு’ என்று உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டு, பிறகுதான் நகலுக்கு அனுப்பும். அந்தச் சின்ன இடைவெளியில் முதன்மை சர்வர் செத்தால், ‘எழுதியாச்சு’ என்று சொன்ன தகவல் எங்கேயும் இருக்காது.

இது பக் இல்லை. வேகத்துக்காகத் தெரிந்தே செய்த சமரசம். ரெடிஸின் ஆவணங்களும் இதை மறைப்பதில்லை. ஆனால், அதைப் படிக்காமல் பயன்படுத்துகிறவருக்கு பக், சமரசம் இரண்டும் ஒரே மாதிரிதான் வலிக்கும்.

2013: ஒரே ஆண்டில் இரண்டு பாடம்

அந்த வலி வெளியே தெரிந்த ஆண்டு 2013.

கைல் கிங்ஸ்பரி என்ற அமெரிக்கப் பொறியாளர், ‘ஜெப்சன்’ என்ற பெயரில் டேட்டாபேஸ்களைச் சோதிக்க ஆரம்பித்திருந்தார். அவர் செய்தது எளிமையானது. பல சர்வர்களில் டேட்டாபேஸை ஓடவிடுவார். தகவலை எழுதிக்கொண்டே இருக்கும்போது, வேண்டுமென்றே சர்வர்களுக்கு நடுவே நெட்வொர்க்கைத் துண்டிப்பார். பிறகு மறுபடி இணைத்து, எழுதியது எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று எண்ணுவார்.

ரெடிஸுக்கு ‘சென்டினல்’ என்று ஒரு காவலாளி உண்டு. முதன்மை சர்வர் விழுந்தால் நகலை முதன்மை ஆக்குவது அதன் வேலை. கிங்ஸ்பரி நெட்வொர்க்கை வெட்டியதும், இரண்டு பக்கமும் ஆளுக்கொரு முதன்மை சர்வர் உருவாகி, இரண்டும் தகவல் வாங்கிக்கொண்டிருந்தன. மறுபடி இணைந்தபோது ஒரு பக்கத்துத் தகவல் அப்படியே தூக்கி எறியப்பட்டது. ‘எழுதியாச்சு’ என்று ரெடிஸ் சொன்னவற்றில் 56% காணோம்.

அதே ஆண்டு ஜூலை 18-ம் தேதி, போன் அழைப்பு, எஸ்.எம்.எஸ். சேவைகளை மற்ற நிறுவனங்களுக்கு வழங்கும் ‘ட்விலியோ’ நிறுவனத்தில் நிஜமாகவே ஒரு விபத்து. அங்கே வாடிக்கையாளர் கணக்கில் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்ற தகவல் ரெடிஸில் இருந்தது. ஒரு சின்ன நெட்வொர்க் கோளாறால் நகல் சர்வர்கள் எல்லாம் முதன்மை சர்வரிடமிருந்து துண்டிக்கப்பட்டன. மறுபடி இணைந்ததும் எல்லாமே ஒரே நேரத்தில் ‘முழுத் தகவலையும் முதலிலிருந்து கொடு’ என்று கேட்டன. முதன்மை சர்வர் திணறியது. ரீஸ்டார்ட் செய்தார்கள்.

அங்கேதான் வினை. ரீஸ்டார்ட் ஆன சர்வர் தவறான கான்ஃபிகரேஷன் ஃபைலைப் படித்தது. இல்லாத ஒரு நோட்டைத் தேடி, கிடைக்காமல், பாக்கித் தகவல் எதுவும் இல்லாமல் எழுந்தது. போதாக்குறைக்குப் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது என்ற நிலையில் நின்றது. பாக்கி பூஜ்யம் என்று காட்டியதால், தானியங்கி ரீசார்ஜ் வைத்திருந்தவர்களின் கிரெடிட் கார்டில் பில்லிங் சிஸ்டம் பணம் எடுத்தது. எடுத்த பணத்தைக் கணக்கில் எழுத முடியவில்லை. அதனால் பாக்கி இன்னும் பூஜ்யம். மறுபடி எடுத்தது. மறுபடியும்!

அந்த ஆண்டு இறுதியில் வெளியான ரெடிஸ் 2.8 பதிப்பைப் பார்த்தால், இந்த இரண்டு காயங்களுக்கும் மருந்து தெரியும். துண்டிக்கப்பட்ட நகல் மறுபடி இணைந்தால், முழுவதையும் கேட்காமல் விட்ட இடத்திலிருந்து மட்டும் வாங்கிக்கொள்ளும் வசதி வந்தது. போதுமான நகல்கள் தொடர்பில் இல்லாவிட்டால், முதன்மை சர்வர் எழுத மறுத்துவிடும் வகையில் அமைக்கும் வசதி வந்தது. சென்டினலைத் திரும்ப எழுதி, பழையதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அறிவித்தார்கள். சமரசம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால், எவ்வளவு இழக்கத் தயார் என்று பயன்படுத்துகிறவரே முடிவு செய்ய ஒரு பிடி கிடைத்தது.

சாட்ஜிபிடியில் டோக்கன் மாறிய கதை

பக் எப்போதும் டேட்டாபேஸுக்கு உள்ளேயே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதோடு பேசும் நிரலிலும் இருக்கலாம்.

2023 மார்ச் 20. சாட்ஜிபிடி பயன்படுத்திய சிலருக்கு, பக்கவாட்டுப் பட்டியலில் முன்பின் தெரியாதவர்களின் உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் சேவையையே நிறுத்தி வைத்துத் தேடியது. காரணம், பைத்தான் மொழியிலிருந்து ரெடிஸோடு பேச உதவும் ‘ரெடிஸ்-பை’ என்ற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியில் இருந்த ஒரு பக்.

பார்சல் கவுன்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பெயர் கேட்பதில்லை. வரிசையில் ஆர்டர் போகும், அதே வரிசையில் பார்சல் வரும். முதல் ஆள் மசால் தோசை சொல்லிவிட்டு, பார்சல் வருவதற்குள் கிளம்பிப் போய்விடுகிறார். அடுத்து நிற்பவர் இட்லி கேட்டிருப்பார். அவர் கைக்கு வருவது மசால் தோசை. பெரும்பாலும் ‘இது நான் கேட்டது இல்லையே’ என்று உடனே தெரிந்துவிடும். ஆனால், அவரும் மசால் தோசையே கேட்டிருந்தால்? யாருக்கும் சந்தேகம் வராது.

நடந்தது இதுதான். ரெடிஸுக்குக் கேள்வி அனுப்பியாச்சு, பதில் வருவதற்குள் அந்தக் கோரிக்கை ரத்தாகிறது. இணைப்பை மூடாமல் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறது லைப்ரரி. பழைய பதில் புதிய ஆளுக்குப் போகிறது. பதிலின் வடிவம் பொருந்தாவிட்டால் பிழைச் செய்தி வரும். பொருந்திவிட்டால், வேறொருவரின் தகவல் சரியான பதில் போலவே திரையில் வந்து நிற்கும். அன்றைக்கு ஓப்பன் ஏ.ஐ. தன் சர்வரில் செய்த ஒரு மாற்றத்தால் ரத்தாகும் கோரிக்கைகள் திடீரென அதிகமாகி, அபூர்வமாக நடக்கக்கூடியது அடிக்கடி நடந்தது.

தலைப்புகளோடு நிற்கவில்லை. அன்று ஒன்பது மணி நேர இடைவெளியில் பயன்படுத்திக்கொண்டிருந்த கட்டணச் சந்தாதாரர்களில் 1.2% பேரின் பெயர், மின்னஞ்சல், பில் முகவரி, கார்டின் கடைசி நான்கு எண்கள், காலாவதித் தேதி ஆகியவை மற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்புண்டு என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. முழு கார்டு எண் வெளியாகவில்லை. சில நாள்களில் இத்தாலியின் தகவல் பாதுகாப்பு ஆணையம் சாட்ஜிபிடிக்குத் தற்காலிகத் தடை விதித்தபோது, சொன்ன காரணங்களில் இந்தக் கசிவும் ஒன்று.

கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், திருத்தம். லைப்ரரியின் 4.5.3 பதிப்பில் முதல் திருத்தம் வந்தது. அது முழுமையானதாக இல்லை. வேறொரு வழியில் அதே கோளாறு வரலாம் என்று தெரிந்து, 4.5.4-ல் இன்னொரு திருத்தம் வந்தது. ‘சரி பண்ணியாச்சு’ என்ற அறிவிப்போடு வேலை முடிந்துவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

13 ஆண்டுகள் ஒளிந்திருந்தது எது?

இப்போது அந்த 10-க்கு 10 ஓட்டைக்கு வருவோம். பாதுகாப்புத் துறையில் அதற்கு ‘ரெடிஷெல்’ என்று பெயர்.

2012-ல் வந்த ரெடிஸ் 2.6 பதிப்பில் ஒரு புது வசதி சேர்ந்தது. ‘லுவா’ என்ற மொழியில் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, அதை ரெடிஸுக்கு உள்ளேயே ஓடவிடலாம். அதற்காக லுவா மொழியின் நிரலை ரெடிஸ் தன்னோடு சேர்த்து வைத்துக்கொண்டது. ஸ்கிரிப்ட் எல்லை தாண்டிப் போகாமல் இருக்கச் சுற்றிலும் வேலி போட்டிருந்தார்கள்.

பயன்படுத்தி முடித்த நினைவகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஒரு துப்புரவாளர் லுவாவுக்குள் உண்டு. ஓட்டை அங்கேதான். லாட்ஜ் அறை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தங்கியிருந்தவர் காலி செய்துவிட்டார் என்று கணக்கில் எழுதியாச்சு. ஆனால், பழைய சாவி இன்னும் வேலை செய்கிறது. அடுத்து அந்த அறைக்கு யார் வந்தாலும், பழைய சாவி வைத்திருப்பவர் உள்ளே நுழையலாம், பொருளை மாற்றி வைக்கலாம். நினைவகத்திலும் அப்படித்தான். திட்டமிட்டு எழுதிய ஒரு ஸ்கிரிப்ட், திரும்ப எடுக்கப்பட்ட இடத்தைத் தொட்டு, வேலியைத் தாண்டி, கடைசியில் அந்தச் சர்வரிலேயே தான் நினைத்ததை ஓடவிட முடியும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ‘விஸ்’ என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள். 2025 மே மாதம் பெர்லினில் நடந்த ‘போன் டு ஓன்’ ஹேக்கிங் போட்டியில் செய்து காட்டினார்கள். அதற்கு 40,000 டாலர் பரிசு. விவரத்தை வெளியே சொல்லாமல் ரெடிஸ் குழுவிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபரில் திருத்தம் வந்த பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. திருத்தமோ சில வரிகள்தான்.

சில வரித் திருத்தத்துக்கு 13 ஆண்டுகள் ஏன் ஆச்சு? எல்லோரும் பார்க்கக்கூடிய நிரல்தான். ஆனால், அந்த இடத்தைத் தோண்டிப் பார்க்கத் திறமையும் நேரமும் வேண்டும். முன்னால் பரிசு என்ற காரணம் இருந்தபோது, மூன்று பேர் கொண்ட ஒரு குழு உட்கார்ந்து பார்த்தது. கிடைத்தது. அதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம், இது லுவாவின் நிரல், எவ்வளவோ பேர் பயன்படுத்துவது, யாராவது பார்த்திருப்பார்கள் என்று கடந்து போயிருக்கலாம். பொதுக் குழாயில் தண்ணீர் ஒழுகினால் தெருவே பார்த்துக்கொண்டு போகும், புகார் கொடுக்க ஒருவர் கிளம்ப மாட்டார். அதே கதைதான்.

பக் பிடிக்கும் வேலை எப்படி நடக்கிறது?

ரெடிஸ் கிராஷ் ஆனால் சும்மா விழாது. எந்தக் கட்டத்தில் விழுந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்ற விவரத்தை எல்லாம் லாக் ஃபைலில் கொட்டிவிட்டுத்தான் விழும். ‘பக் ரிப்போர்ட் இங்கே தொடங்குகிறது, இதிலிருந்து காப்பி செய்து ஒட்டுங்கள்’ என்ற பொருளில் ஒரு வரியும் அதில் இருக்கும். தெரியாதவர்கூட அதை அப்படியே எடுத்து அனுப்ப வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

அப்படி வந்த ரிப்போர்ட்டுகளைத் துரத்தியபோது ஆன்டிரெஸ் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சில கிராஷ்களுக்கு மென்பொருள் காரணமே இல்லை. சர்வரில் இருந்த ரேம் சிப் பழுது. மொத்தத் தகவலையும் ரேமில் வைக்கும் மென்பொருள் என்பதால், பழுதான சிப்பின் பாவம் ரெடிஸ் தலையில் விழுந்தது. அதனால் ரேமைச் சோதிக்கும் வசதியை ரெடிஸுக்குள்ளேயே வைத்தார். கிராஷ் ஆகும்போது ஒரு விரைவுச் சோதனையும் சேர்ந்து நடக்கும். இல்லாத பக்கைத் தேடி நாள்கணக்கில் அலையாமல் இருக்க இது உதவுகிறது.

பிறகு தானியங்கிச் சோதனைகள். நிரலில் ஒவ்வொரு மாற்றம் வரும்போதும் பழையது ஏதாவது உடைகிறதா என்று பார்க்கும் சோதனைகள் ஓடும். நினைவகத்தைத் தப்பாகத் தொடுகிறதா என்று கண்காணிக்கும் கருவிகளோடு தினசரிச் சோதனைகளும் உண்டு. வேண்டுமென்றே கெட்டுப்போன தகவலை உள்ளே தள்ளி, அதை வாங்கிக்கொண்டு தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் பிற்பாடு சேர்ந்தது.

இதைவிட ஒரு படி மேலே, வெளியாளைக் காசு கொடுத்துக் கூப்பிட்டு ‘எங்கள் மென்பொருளை உடைத்துக் காட்டுங்கள்’ என்று சொல்வது. 2013-ல் 56% இழப்பைக் காட்டிய அதே ஜெப்சனை, 2020-ல் ரெடிஸ் லேப்ஸ் நிறுவனமே கூப்பிட்டது. ‘ரெடிஸ்-ராஃப்ட்’ என்ற புதிய பகுதி வாடிக்கையாளர் கைக்குப் போவதற்கு முன்பே சோதிக்கச் சொன்னது. 21 கோளாறுகள் கிடைத்தன. சர்வர் மாறும்போது மொத்தத் தகவலும் அழிந்துபோவது அதில் ஒன்று. அறிக்கை அப்படியே பொதுவெளியில் வந்தது. 21 என்று எண்ணிக்கை வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று நினைக்கலாம். ஆனால், யாரோ ஒருவரின் பில்லிங் சிஸ்டத்தில் வெடித்திருக்க வேண்டியவை சோதனைக் கூடத்திலேயே வெடித்தன. அது லாபம்தானே?

காசு யார் கொடுப்பது?

2010-ல் வி.எம்.வேர் நிறுவனம் ஆன்டிரெஸுக்குச் சம்பளம் கொடுத்து ரெடிஸ் வேலையையே முழுநேரம் செய்யச் சொன்னது. 2013-ல் பிவோட்டல், 2015-ல் ரெடிஸ் லேப்ஸ் என்று அந்தப் பொறுப்பு கை மாறியது. 2020 ஜூன் 30-ல் அவர் பராமரிப்புப் பொறுப்பிலிருந்து விலகினார். நிரல் எழுதுவது தனக்கு ஒரு வெளிப்பாடு, ஆனால் நாளாக ஆகப் புதிதாக எழுதுவது குறைந்து, பராமரிப்பு வேலை கூடிவிட்டது, அதில் தனக்கு விருப்பமில்லை என்ற பொருளில் விளக்கம் எழுதினார். பலரும் வெளியே சொல்லத் தயங்குவதை வெளிப்படையாகச் சொன்னார். புதிதாகக் கட்டுவதில் இருக்கும் சந்தோஷம் ஒழுகலை அடைப்பதில் இல்லை.

2024 மார்ச் 20-ல் இன்னொரு திருப்பம். கிளவுட் நிறுவனங்கள் ரெடிஸை இலவசமாக எடுத்து வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கின்றன, எங்களுக்கு என்ன வருகிறது என்ற கேள்வியோடு, ரெடிஸ் நிறுவனம் உரிம விதிகளை இறுக்கியது. ஏற்காதவர்கள் எட்டே நாளில் பதில் கொடுத்தார்கள். பழைய உரிமத்தில் இருந்த கடைசிப் பதிப்பை எடுத்து, ‘வால்கீ’ என்ற பெயரில் லினக்ஸ் ஃபவுண்டேஷன் தனித் திட்டத்தை அறிவித்தது. அமேசான், கூகுள், ஆரக்கிள் போன்ற பெரிய நிறுவனங்கள் அதன் பின்னால் நின்றன. ஆன்டிரெஸ் 2024 இறுதியில் ரெடிஸ் நிறுவனத்துக்குத் திரும்பினார். 2025 மே மாதம் வந்த ரெடிஸ் 8-ல் மறுபடி ஓர் ஓப்பன் சோர்ஸ் உரிமமும் சேர்ந்தது.

இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று இரண்டு தரப்பும் நிறைய பேசியாச்சு. ஒரு விஷயம் அதிகம் பேசப்படவில்லை. இரண்டு பக்கமும் ஒரே பழைய நிரலைத்தான் வைத்திருக்கிறார்கள். அதனால் பழைய பக் இரண்டு வீட்டிலும் இருக்கிறது. ரெடிஷெல் ஓட்டைக்கு ரெடிஸ் ஒரு திருத்தம் வெளியிட்டது, வால்கீ தனியாக ஒன்று வெளியிட்டது. சொத்தைப் பிரித்துக்கொண்டாலும் ஒழுகும் கூரை பொதுதான்.

இலவசமாக எடுத்துக்கொள்ள உரிமம் அனுமதிக்கிறது. சட்டப்படி யாரும் தப்பு செய்யவில்லை. ஆனால், கோடிக்கணக்கில் வருமானம் பார்க்கும் தொழிலை ஒரு மென்பொருள் மேல் கட்டிவிட்டு, அதன் பக்கை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று இருப்பது தொழில் புத்தி ஆகாது. பிரேக் சரிபார்க்கும் செலவை எந்த பஸ் கம்பெனியும் தர்மக் கணக்கில் எழுதுவதில்லையே!

நம் பக்கத்து வேலை என்ன?

திருத்தம் வெளியாவதோடு பக் சாவதில்லை. உங்கள் சர்வரில் அந்தத் திருத்தம் ஏறும்போதுதான் சாகிறது. ரெடிஷெல் அறிவிப்பு வந்தபோது இணையத்துக்கு நேராகத் திறந்து கிடந்த ரெடிஸ் சர்வர்கள் சுமார் 3,30,000 என்று விஸ் கணக்கிட்டது. அதில் சுமார் 60,000-க்கு பாஸ்வேர்டே இல்லை. அந்த ஓட்டையைப் பயன்படுத்த முதலில் உள்ளே லாகின் ஆக வேண்டும் என்பது ஒரு தடுப்பு. பாஸ்வேர்டு இல்லாத வீட்டில் அந்தத் தடுப்பும் இல்லை.

இது புதிய பலவீனமும் அல்ல. திறந்து கிடக்கும் ரெடிஸ் வழியாக ஒரு சர்வரையே எப்படிக் கைப்பற்றலாம் என்று 2015-லேயே ஆன்டிரெஸ் தானே எழுதிக் காட்டி எச்சரித்தார். அடுத்த ஆண்டு வந்த 3.2 பதிப்பில், பாஸ்வேர்டு வைக்காவிட்டால் வெளி இணைப்புகளை ரெடிஸே மறுக்கும் பாதுகாப்பு முறையும் வந்தது. வசதிக்காக அதை அணைத்து வைக்கிறவர்களுக்கு அதனால் என்ன பயன்?

நீங்கள் ஐ.டி. துறையில் இருந்தால், உங்கள் டீம் இந்த வாரமே செய்யக்கூடியவை:

• பதிப்பு எண்ணைப் பாருங்கள். ரெடிஷெல் திருத்தம் 6.2.20, 7.2.11, 7.4.6, 8.0.4, 8.2.2 பதிப்புகளில் வந்தது. உங்கள் வரிசையில் அதைவிடப் பழையது ஓடினால் மாற்றுங்கள்.

• இணையத்துக்கு நேராகத் திறந்திருக்கக் கூடாது. பாஸ்வேர்டு இருக்க வேண்டும். லுவா ஸ்கிரிப்ட் பயன்படுத்தவில்லை என்றால் அந்தக் கட்டளைகளுக்கான அனுமதியை எடுத்துவிடுங்கள். டாக்கர் மூலம் நிறுவியவர்கள் கூடுதல் கவனம் வையுங்கள். அங்கே அந்தப் பாதுகாப்பு முறை அணைந்த நிலையிலேயே வருகிறது.

• ரெடிஸில் இருக்கும் தகவலில் எது போனால் பரவாயில்லை, எது போகவே கூடாது என்று பட்டியல் போடுங்கள். பணக் கணக்கின் ஒரே பிரதி அங்கே இருந்தால், ட்விலியோ கதையை இன்னொரு முறை படியுங்கள்.

• சோதனைச் சூழலில் ஒருநாள் வேண்டுமென்றே ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சரியான ஃபைலைப் படித்து எழுகிறதா என்று அப்போது தெரியும். நள்ளிரவு அவசரத்தில் தெரிந்துகொள்வதைவிட இது மேல்.

• கிராஷ் ஆனால் ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறந்துவிடாதீர்கள். லாகில் இருக்கும் ரிப்போர்ட்டை, அதில் வாடிக்கையாளர் தகவல் இருந்தால் நீக்கிவிட்டு, திட்டத்துக்கு அனுப்புங்கள். எப்படிச் செய்தால் அதே கோளாறு மறுபடி வருகிறது என்று இரண்டு வரி சேர்த்தால், தேடுகிறவருக்குப் பல நாள் மிச்சம்.

மேனேஜர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘அப்டேட்டுக்கு இந்த ஸ்பிரின்ட்டில் நேரம் இல்லை’ என்று சொல்வது எளிது. ஜூனியர் டெவலப்பர் ஒருவர் ஓப்பன் சோர்ஸ் பக் ஒன்றைச் சரிசெய்ய இரண்டு நாள் கேட்டால், ‘கம்பெனி வேலையைப் பாருப்பா’ என்று சொல்வதும் எளிது. அதுவும் கம்பெனி வேலைதான். புதிய ஃபீச்சருக்கு அப்ரைசலில் கிடைக்கும் பாராட்டு, பக் ஒழித்தவருக்கும் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேலைக்கு யாரும் வர மாட்டார்கள்.

நிறுவனங்கள் செய்ய வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. ட்விலியோவும் ஓப்பன் ஏ.ஐ.யும் என்ன நடந்தது என்று பொதுவெளியில் விளக்கமாக எழுதின. அதனால்தான் மற்றவர்கள் தங்கள் சர்வரில் அதே கோளாறு இருக்கிறதா என்று பார்க்க முடிந்தது. இந்தியாவில் சைபர் பாதுகாப்புச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் ‘செர்ட்-இன்’ அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022-ல் உத்தரவு வந்தது. அது அரசுக்குப் போகும் தகவல். பக்கத்துக் கம்பெனிப் பொறியாளர் கற்றுக்கொள்ள, பொதுவில் எழுதப்படும் விளக்கம் வேண்டும். ‘தொழில்நுட்பக் கோளாறு, சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்ற ஒற்றை வரியில் யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

ரெடிஷெல் கதையில் பார்த்ததற்குப் பரிசு கிடைத்தது, அதனால் பார்த்தார்கள். ஜெப்சனுக்குக் காசு கொடுத்தார்கள், 21 கோளாறு கிடைத்தது. அடுத்த 13 ஆண்டு பக் இப்போதும் ஏதோ ஒரு ஃபைலில் இருக்கலாம். அதைத் தேட உங்கள் நிறுவனம் மாதத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறது என்று திங்கள்கிழமை மீட்டிங்கில் கேட்டுப் பாருங்கள்.